ஊதா நிற நிலம்: நாளைய தொழிலுக்கு ஒரு நகரம் எப்படி இடம் ஒதுக்குகிறது?

ஒரு நகரத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தைப் பார்த்தால் வீடுகளுக்கு மஞ்சள், பூங்காக்களுக்குப் பச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்திருப்பார்கள். தொழிலுக்குப் பெரும்பாலும் ஊதா. வரைபடம் கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் தேடுவது மஞ்சளைத்தான், நம் வீடு எங்கே இருக்கிறது என்று பார்க்க. ஊதாப் பக்கம் கண் போவதில்லை. ஆனால் நாம் வாங்கும் பொருள் வந்து இறங்கும் கிடங்கு, பேருந்துகள் இரவில் நிற்கும் பணிமனை, குப்பையைப் பிரிக்கும் கூடம், அச்சகம், லேத் பட்டறை, மருத்துவமனைத் துணிகளை மொத்தமாக வெளுக்கும் சலவை ஆலை எல்லாமே அந்த ஊதாவுக்குள்தான் இருக்கின்றன.

சான் பிரான்சிஸ்கோ நகரம் இந்த மாதிரி நிலங்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: உற்பத்தி, விநியோகம், பழுதுபார்ப்பு. எனக்குப் பிடித்த பெயர். தொழில் நிலம் என்றதும் புகைபோக்கி மட்டும்தான் உங்கள் மனதில் வருகிறது என்றால், அதை எடுத்துவிட்டு இந்த மூன்று சொற்களையும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவது எல்லாம் எளிதாகப் புரியும்.

சரி, இதற்கென்று தனியாக ஒரு திட்டம் எதற்கு? தேவைப்படுகிறவர்கள் நிலம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே? வளரும் நகரத்தில் அது நடக்காது. ஒரே மனைக்கு அடுக்குமாடி கட்டுபவர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையை ஒரு பட்டறைக்காரரால் எந்தக் காலத்திலும் கொடுக்க முடியாது. இது எப்போதும் இப்படியே இருந்ததில்லை. 1926-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த யூக்ளிட் வழக்கு, இங்கே வீடு, இங்கே தொழில் என்று நகரங்கள் நிலத்தை மண்டலமாகப் பிரிக்கலாமா என்பதையே தீர்மானித்த வழக்கு. கிளீவ்லேண்ட் அருகே 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் ரியால்டி என்ற நிறுவனம், தொழிலுக்கு விற்றால் ஏக்கருக்குச் சுமார் 10,000 டாலர் கிடைக்கும், வீட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினால் 2,500 டாலருக்கு மேல் போகாது என்று வாதாடித் தோற்றது. அதாவது அன்றைக்குத் தொழில் நிலம் வீட்டு நிலத்தைவிட நான்கு மடங்கு விலை! மண்டலச் சட்டம் அப்போது வந்தது தொழிற்சாலையிடமிருந்து வீட்டைக் காப்பாற்ற. இன்று பெரிய நகரங்களில் நிலைமை தலைகீழ்; அதே சட்டத்தைக் கொண்டு வீட்டு விலையிடமிருந்து பட்டறையைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, இந்த நிலம் ஒருவழிப் பாதை. ஒரு பழைய ஆலை இருந்த இடத்தில் 300 வீடுகள் கட்டி விற்றுவிட்டால் அங்கே 300 உரிமையாளர்கள் வந்துவிடுகிறார்கள், அதை மறுபடி ஆலைக்கு வாங்குவது என்பது நினைத்தே பார்க்க முடியாத காரியம். வேறு இடத்தில் புதிதாக உருவாக்கலாமே என்றால், கனரக லாரி போகிற சாலை, உயர் அழுத்த மின்சாரம், கழிவுநீரைச் சுத்திகரிக்க வசதி, பக்கத்தில் வீடுகள் இல்லாத தூரம், இத்தனையும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். லண்டனில் 2001-க்கும் 2015-க்கும் இடையே 1,300 ஹெக்டேருக்கும் மேற்பட்ட தொழில் நிலம் வேறு பயன்பாட்டுக்குப் போனது. நகரமே தனக்கு வைத்துக்கொண்ட அளவுகோலை இது வெகுவாகத் தாண்டிவிட்டது. ஒரு ஹெக்டேர் கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர், கணக்குப் போட்டுப் பாருங்கள். இது ஒரே நாளில் யாரோ எடுத்த முடிவும் இல்லை. இங்கே ஒரு மனை, அங்கே ஒரு மனை, தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரியும்.

எவ்வளவு தேவைப்படும்?

பொதுவாக 20 வருடத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஒரு துணைமின் நிலையத்தையோ பெரிய சாலையையோ திட்டமிட்டு, நிலம் எடுத்து, கட்டி முடிக்கவே பல வருடம் ஓடிவிடும் என்பதால் அதைவிடக் குறைவாக யோசித்துப் பயனில்லை.

கணக்கு ஒன்றும் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. கற்பனையாக ஒரு நகரத்தை எடுத்துக்கொள்வோம். அடுத்த 20 வருடத்தில் அங்கே உற்பத்தித் துறையில் 10,000 வேலைகள் கூடும் என்று பொருளாதாரக் கணிப்பு சொல்கிறது. ஓர் ஆளுக்கு 40 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4 லட்சம் சதுர மீட்டர். ஆனால் தொழில் மனையில் மூலைக்கு மூலை கட்டிவிட முடியாது. லாரி உள்ளே வந்து திரும்ப வேண்டும், சரக்கு ஏற்ற வேண்டும், தீயணைப்பு வண்டி சுற்றி வர வேண்டும். மனையில் 40 சதவீதம்தான் கட்டடம் என்றால் தேவைப்படும் நிலம் 10 லட்சம் சதுர மீட்டர், அதாவது 100 ஹெக்டேர்.

இப்போது கிடங்குகளைப் பாருங்கள். அங்கே 5,000 வேலைகள்தான் கூடுகின்றன, ஆனால் ஓர் ஆளுக்கு 80 சதுர மீட்டர் ஆகிறது. மறுபடியும் அதே 4 லட்சம் சதுர மீட்டர், அதே 100 ஹெக்டேர். ஆட்கள் பாதி, நிலம் ஒன்றே. வேலைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து நிலத்தைக் கணக்கிடுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

இதுவரை 200 ஹெக்டேர். இது வெறும் மனைகள் மட்டும். உள்சாலை, வடிகால், மின் பாதை, சுற்றிலும் மரம் வைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் மொத்தப் பரப்பில் 30 சதவீதம் போகும் என்றால், 200 ஹெக்டேர் மனை கிடைக்கச் சுமார் 286 ஹெக்டேர் எடுக்க வேண்டும். அப்புறம் கொஞ்சம் இடம் எப்போதும் காலியாக இருந்தாக வேண்டும். எல்லா இருக்கையிலும் ஆள் உட்கார்ந்திருக்கிற பேருந்தில் ஒருவர் இடம் மாற வேண்டுமென்றால் இன்னொருவர் எழுந்திருக்க வேண்டும் இல்லையா, அது போலத்தான். சிறிய பட்டறை பெரிதாகி வேறு இடம் தேடும்போது அந்த இடம் இருக்க வேண்டும். லண்டன் திட்டத்தில் நிலத்துக்கு 5 சதவீதமும் கட்டடப் பரப்புக்கு 8 சதவீதமும் காலியாக இருப்பது ஆரோக்கியமான அளவு என்று வைத்திருக்கிறார்கள். நம் கணக்கில் அந்த 5 சதவீதத்தைச் சேர்த்தால் 300 ஹெக்டேர் ஆகிவிடும்.

கடைசியாக ஒன்று, பலரும் மறந்துவிடுவது. இந்த 20 வருடத்தில் ஏற்கெனவே இருக்கிற தொழில் நிலமும் குறைந்துகொண்டே வரும். ரயில் பாதை வரும், பள்ளிக்கூடம் வரும், சில இடங்களை நகரமே வீட்டுக்காக விடுவிக்கும். வருடத்துக்கு 3 ஹெக்டேர் என்றால்கூட 60 ஹெக்டேர். ஆக 360. நூறில் தொடங்கிய கணக்கு எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். நடுவில் ஒரு படியை விட்டாலும் இருபது வருடம் கழித்து அந்த அளவுக்கு நிலம் குறையும்.

வேலைக் கணிப்பைத் தவிர இன்னொரு வழியும் உண்டு: கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் வருடத்துக்குச் சராசரியாக எத்தனை ஹெக்டேர் தொழிலுக்கு எடுக்கப்பட்டது என்று பார்த்து, அதையே முன்னோக்கி நீட்டுவது. நேரில் நடந்த ஒன்றை வைத்துச் செய்வதால் இது நம்பகமாகத் தெரியும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, எனக்கு மிகவும் கவலை தரும் பொறி. நகரத்தில் நிலமே இல்லாமல் போன வருடங்களில் எடுக்கப்பட்ட அளவும் குறைவாகத்தானே இருக்கும்? கேட்டு வந்தவர்கள் இடம் கிடைக்காமல் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள், அவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. அந்தச் சராசரியைக் கொண்டு கணித்தால் "தேவை குறைந்துவருகிறது" என்று பதில் வரும், அதைக் காட்டி இன்னும் கொஞ்சம் நிலத்தை விடுவிப்பார்கள், அடுத்த முறை கணக்கு இன்னும் குறையும். தேவை இல்லை என்பதற்குப் பற்றாக்குறையே சாட்சி ஆகிவிடுகிறது. அதனால்தான் நல்ல திட்டக்காரர்கள் வாடகை எப்படி ஏறியிருக்கிறது, காலி இடம் எத்தனை சதவீதம், இடம் கேட்டு வந்து திரும்பிப் போனவர்கள் யார் என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

வேலைக் கணிப்பிலும் இதே மாதிரி ஒரு வழுக்கல் உண்டு. ஒரு ஆலையில் நூறு பேர் செய்த வேலையை இயந்திரம் வந்த பிறகு முப்பது பேர் செய்கிறார்கள். ஆட்கள் குறைந்தார்கள், ஆனால் கூரைக்குக் கீழே இருக்கும் பரப்பு அப்படியேதான் இருக்கிறது, உற்பத்தி கூடினால் கிடங்குப் பகுதி பெரிதாகவும் ஆகும். உற்பத்தித் துறையில் வேலை குறைகிறது, ஆகவே நிலமும் வேண்டாம் என்ற வாதத்தை எங்கே கேட்டாலும் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள்.

இதனால் ஒரே எண்ணைச் சொல்லாமல் குறைந்தது இவ்வளவு, நடுத்தரம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று ஒரு வரம்பாகச் சொல்வதுதான் நேர்மை. என்னைக் கேட்டால் வரம்பின் மேல்பக்கம் சாய்வதே நல்லது, ஏனென்றால் மிஞ்சின நிலத்தைப் பிறகு விடுவிக்கலாம், போன நிலத்தைத் திரும்ப வாங்க முடியாது. அதற்காக, வீட்டுக்கு இடமில்லாமல் மக்கள் தவிக்கும் நகரத்தில் யாருக்கும் உதவாத பாழடைந்த ஆலைகளைப் பூட்டியே வைத்திருப்பதும் சரியில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.

கையில் இருப்பது எவ்வளவு?

என் பார்வையில் முழு வேலையிலும் முக்கியமான பகுதி இது. வரைபடத்தில் ஊதா நிறத்தில் 500 ஹெக்டேர் காலியாக இருக்கிறது என்றால், தேவை 360தானே, தாராளமாகப் போதும் என்று கோப்பை மூடிவிடத் தோன்றும். மூடக் கூடாது. ஒவ்வொரு மனையையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

போய்ப் பார்த்தால் ஒரு பகுதி வெள்ளம் வரும் தாழ்வான இடமாக இருக்கும். இன்னொரு பகுதி செங்குத்துச் சரிவு. பெரிய கிடங்குக்குத் தரை சமமாக இருக்க வேண்டும், சரிவை வெட்டிச் சமப்படுத்தும் செலவிலேயே திட்டம் நின்றுவிடும். சில மனைகளில் பழைய ஆலையின் ரசாயனமும் எண்ணெயும் மண்ணில் இறங்கியிருக்கும், சுத்தம் செய்யாமல் கடைக்கால் தோண்ட முடியாது, சுத்தம் செய்யும் செலவு நிலத்தின் மதிப்பைத் தாண்டியும் போகலாம். சிலவற்றுக்குப் போகிற வழியில் தாழ்வான ரயில் பாலம், கன்டெய்னர் லாரி நுழையாது. சில இடங்களில் எல்லாம் சரி, மின்சாரம் மட்டும் இல்லை. பத்து ஹெக்டேர் என்று எழுதியிருக்கும், அங்கே இருபத்தைந்து பேருக்குச் சொந்தமான துண்டுகளாகக் கிடக்கும்.

இன்னும் ஒரு வகை இருக்கிறது, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத வகை. நிலம் சமமாக இருக்கும், சாலை இருக்கும், மின்சாரம் இருக்கும், ஆனால் உரிமையாளர் விற்கவும் மாட்டார், வாடகைக்கு விடவும் மாட்டார். என்றாவது ஒரு நாள் நகரம் இதை வீட்டு நிலமாக மாற்றித் தரும், அப்போது பல மடங்கு விலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் காத்திருக்கிறார். பூட்டியே கிடப்பதைப் பார்க்கிறவர்கள் "பாருங்கள், தொழிலுக்கு இங்கே யாரும் வரவில்லை" என்பார்கள். அந்த நம்பிக்கைக்குத் தீனி போடுவதே நகரம்தான். பக்கத்து மனைக்கு ஒருமுறை பயன்பாட்டு மாற்றம் கொடுத்துவிட்டால் அந்தத் தெருவில் இருக்கும் எல்லோருடைய கணக்கும் அன்றைக்கே மாறிவிடுகிறது.

இப்படிச் சலித்து எடுத்த பிறகு மிஞ்சுவதைத்தான் இருப்பு என்று சொல்ல வேண்டும், அதையும் எப்போது பயன்படும் என்று பிரிக்க வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1973-ல் வந்த நிலத் திட்டச் சட்டத்தின் தொடர்ச்சியாக, நகரங்கள் 20 வருடத் தொழில் தேவைக்கான நிலத்தைக் காட்டியாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. குறுகிய கால இருப்பு என்று தனியாகவும் ஒன்று உண்டு, அனுமதி கேட்டு ஒரு வருடத்துக்குள் கட்டடம் தொடங்கும் நிலையில் இருக்கும் மனைகள் அதில் வரும். இன்னும் ஒரு படி மேலே போய் 180 நாட்களுக்குள் கட்டத் தொடங்கலாம் என்று சோதித்துச் சான்று கொடுக்கும் திட்டமும் அங்கே இருக்கிறது. ஒரு நிறுவனம் இடம் தேடி வரும்போது இருபது வருடம் கழித்து உருவாகப் போகும் நிலத்தைக் காட்ட முடியாது அல்லவா?

அளவும் முக்கியம். மொத்தம் 100 ஹெக்டேர் இருக்கிறது என்பதற்கும், 20 ஹெக்டேர் மனை ஒன்றாவது இருக்கிறதா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. பெரிய மனையைச் சிறிதாகப் பிரிப்பது சுலபம், சிறியவற்றைச் சேர்ப்பது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆகவே பெரிய மனைகளைப் பிரிக்க விடாமல் வைத்திருப்பதும் ஒரு திட்டமிடல்தான். அதே சமயம் இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் பட்டறைக்குச் சிறிய இடமும் வேண்டும். இந்தச் சிறியவர்கள் கூட்டங்களுக்கு வந்து பேசுவதில்லை, இடம் போனால் சத்தமில்லாமல் கடையைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அதனால் இவர்களைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே அனுப்பிவிடலாமா?

இந்தக் கேள்வி எப்போதும் வரும். சிலவற்றை அனுப்பலாம். இரும்பு உருக்கும் ஆலை நகர நடுவில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் கலந்ததிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் இறுக ஆரம்பித்துவிடும். கலவை நிலையத்தைத் தூரமாக அனுப்பினால் அதைத் துரத்தியது எந்த அடுக்குமாடிகளோ அந்த அடுக்குமாடிகளையே கட்ட முடியாது. குப்பை லாரி, பேருந்துப் பணிமனை, வீட்டு வாசலுக்குப் பொருள் கொண்டுவரும் கிடங்கு, லிஃப்ட் பழுது பார்ப்பவர் எல்லாமே நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டியவை. தூரம் போனால் லாரிகள் காலியாக ஓடும் கிலோமீட்டர்தான் கூடும், அந்தப் புகையும் நெரிசலும் நமக்கே.

கனடாவின் வான்கூவர் பெருநகரப் பகுதியில் தொழில் நிலம் மொத்த நிலத்தில் 4 சதவீதம்தான், ஆனால் அங்கே இருக்கும் வேலைகள் மொத்தத்தில் கால் பங்குக்கும் மேல். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் அமெரிக்க எல்லை, நடுவில் 1973 முதல் பாதுகாக்கப்பட்ட விவசாய நிலம். வெளியே தள்ள அங்கே இடமே இல்லை.

வைத்துக்கொள்வது எப்படி?

எளிய வழி, மிக முக்கியமான தொழில் பகுதிகளைக் கோடு போட்டு, இதற்குள் பயன்பாட்டு மாற்றம் கிடையாது என்று அறிவித்துவிடுவது. சிகாகோ 1988-ல் கிளைபோர்ன் பகுதியில் இப்படி ஒன்றைச் செய்தது, அங்கே பழைய ஆலைகளைச் சுற்றி வீடுகளும் கடைகளும் நெருக்கிக்கொண்டு வந்த நேரம். அது ஒரு தலைமுறைக் காலம் தாக்குப்பிடித்தது. 2017-ல் அதே நகரம் அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொண்டது, ஆனால் சும்மா விடவில்லை: அங்கே நிலத்தை மாற்றுகிறவர்கள் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும், அந்தப் பணம் நகரத்தின் மற்றத் தொழில் பகுதிகளுக்குச் செலவிடப்படும். பாதுகாப்பு நிரந்தரம் இல்லை, நகரசபை மாறினால் கோடும் மாறும் என்பதற்கும் இதுவே உதாரணம்.

வீடும் தொழிலும் தொடும் எல்லையில்தான் சண்டை வரும். சத்தம் போடும் ஆலையை நடுவிலும், சத்தம் குறைந்த பட்டறைகளை அதைச் சுற்றியும், அலுவலகங்களை ஓரத்திலும் வைத்து, அதற்கப்பால் வீடு வருமாறு படிப்படியாக அமைப்பது பழைய, இன்றும் நல்ல முறை. சிங்கப்பூரில் லேசான தொழிலுக்கும் கனமான தொழிலுக்கும் தனித்தனி மண்டலங்கள் இருப்பது இதனால்தான். இதோடு லண்டன் போன்ற நகரங்கள் இன்னொரு கொள்கையையும் சேர்த்திருக்கின்றன: புதிதாக வருகிறவர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். முப்பது வருடமாக இரவில் வேலை நடக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் வீடு கட்டினால், சத்தம் உள்ளே வராத ஜன்னல் போடுவது வீடு கட்டுபவரின் பொறுப்பு. பட்டறைக்காரர் மேல் புகார் கொடுத்து மூடவைப்பது நியாயமே இல்லை.

நிலத்தின் பரப்பு கூடப் போவதில்லை என்றால் மாடி வைத்து மேலே போகலாம். ஹாங்காங் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பல மாடித் தொழிற்கூடங்களில் உற்பத்தி செய்தது. சிங்கப்பூரில் லாரியே சாய்தளத்தில் ஏறி ஒவ்வொரு மாடிக்கும் போகும் கட்டடங்கள் இருக்கின்றன. அந்த நாட்டில் 1961-ல் ஜூரோங்கில் தொடங்கிய தொழிற்பேட்டை வேலை, பிறகு கடலில் இருந்த சிறு தீவுகளை ஒன்றாக இணைத்து ரசாயனத் தொழிலுக்கு ஒரே தீவாக ஆக்குவது வரை போனது, 2014-ல் கடலுக்கு அடியில் பாறையைக் குடைந்து எண்ணெய் சேமிக்கும் குகைகளையும் திறந்தார்கள். அங்கே அரசு விடும் தொழில் நிலங்களின் குத்தகைக் காலத்தை 60 வருடத்திலிருந்து 30 வருடமாகவும் குறைத்தார்கள். குத்தகை முடியும்போது நிலம் அரசுக்குத் திரும்பி வரும், அடுத்த தலைமுறைத் தொழிலுக்குக் கொடுக்கலாம். தனியாருக்கு முழுவதுமாக விற்றுவிட்ட நகரங்களுக்கு இந்த வசதி கிடையாது. மாடி வைப்பதும் எல்லாத் தொழிலுக்கும் ஒத்துவராது: கனமான இயந்திரத்துக்குத் தரை தாங்க வேண்டும், மாடித் தளத்தை அந்த அளவுக்கு வலுவாகக் கட்டச் செலவு அதிகம், அந்தச் செலவு வாடகையில் வந்து விழும், சிறிய பட்டறைக்கு அது கட்டுப்படியாகாது.

திட்டம் போட்டு முடித்த பிறகும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வருடம் எத்தனை ஹெக்டேர் கட்டப்பட்டது, எத்தனை வேறு பயன்பாட்டுக்குப் போனது, காலி இடம் எத்தனை சதவீதம், வாடகை எப்படி நகர்கிறது என்று வருடா வருடம் பார்த்து, காலி இடம் தொடர்ந்து குறைந்தால் பத்து வருடம் கழித்துத் திறக்கலாம் என்று வைத்திருந்த பகுதிக்கு வடிகாலையும் மின்சாரத்தையும் இப்போதே கொண்டுபோக வேண்டும். உங்கள் நகரத்தின் வரைவுத் திட்டம் மக்கள் கருத்துக்கு வரும்போது தொழில் நிலம் பற்றிய அத்தியாயத்தைத் திறந்து, மனைகளை அளவு வாரியாகவும் எப்போது தயாராகும் என்பது வாரியாகவும் பிரித்துக் காட்டும் அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். மொத்த ஹெக்டேர் மட்டும் போட்டிருந்தால், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து அந்த அட்டவணையைக் கேளுங்கள்.